சேதுக் கரையில் கப்பல் சலுகைகள்: பங்கும் விசுவாசமும்

கப்பல் கம்பெனிகள் பயணிகளுக்குத் தரும் சலுகைகளில் இரண்டு, இன்றைய உல்லாசக் கப்பல் பயணத்தோடு பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன. முதலாவது, கம்பெனியின் பங்குகளை வைத்திருப்பவர் அதே கம்பெனியின் கப்பலில் பயணம் செய்யும்போது பெறும் வரவுத்தொகை. அது கையில் கொடுக்கப்படும் பணம் அன்று. கப்பலில் அவர் பெயரில் திறக்கப்படும் கணக்கில் முன்கூட்டியே வரவு வைக்கப்பட்டு, உணவு, பானம், கரையோரச் சுற்றுலா முதலியவற்றுக்குக் கழித்துக்கொள்ளப்படும் தொகை. உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனமான கார்னிவல், குறைந்தது 100 பங்குகள் வைத்திருப்போருக்கு, பயணம் 14 நாளோ அதற்கு மேலோ நீண்டால் 250 டாலரும், 7 முதல் 13 நாள் வரையானால் 100 டாலரும், அதற்குக் குறைந்தால் 50 டாலரும் என்னும் அளவில் இதை நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. பங்குடைமைக்குச் சான்றும் பயணப் பதிவு எண்ணும் காட்டி, புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே விண்ணப்பித்தால்தான் அது கிடைக்கும். இரண்டாவது, அதே கம்பெனியின் கப்பல்களிலேயே மீண்டும் மீண்டும் செல்பவருக்கு, கடலில் கழித்த இரவுகளைக் கணக்கிட்டு அளிக்கப்படும் விசுவாசச் சலுகை.

இவ்விரண்டும் அண்மைக்கால விற்பனை உத்திகள் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆனால் பங்குரிமை, விசுவாசம், சலுகை ஆகிய மூன்றும் மன்னார் வளைகுடாவின் கரையில் நூறாண்டுக்கு முன்பே நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. அந்த மோதலில் வென்ற பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி 1914இல் பி. அண்டு ஓ. கம்பெனியோடு இணைந்தது. பி. அண்டு ஓ.வின் உல்லாசக் கப்பல் பிரிவு 2000இல் தனி நிறுவனமாகப் பிரிந்து, 2003இல் கார்னிவலோடு இணைந்தது. ஆகவே இன்றைய பங்குதாரர் சலுகையின் வரலாற்றை நாடுவோர் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளின் வழியாகவும் வந்துதான் ஆக வேண்டும்.

நீராவிக் கப்பல்களுக்கு முன்பும் இக்கரையில் கடல் வருவாயில் பங்கும் சலுகையும் இருந்தன. முத்துக்குளிப்பில் ‘கல்’ என்பது குளியாளி விரைந்து அடியாழம் செல்லத் துணையாகக் கொள்ளும் பாரக்கல்லைக் குறிக்கும். வரிக் கணக்கில் ஒரு கல் என்பது ஒரு குளியாளியின் உழைப்பு. மதுரை நாயக்கர், இராமநாதபுரம் சேதுபதி, காயல்பட்டினத்து முஸ்லிம் தலைவர்கள், பரதவர் குலத்துப் பட்டங்கட்டிகள் ஆகியோருக்கு இத்தனை கல் என்று வரி நீங்கிய உரிமை ஒதுக்கப்பட்டிருந்ததையும், டச்சுக்காரர் இக்கரையில் ஆதிக்கம் பெற்ற பிறகும் அவ்வுரிமைகள் பேசித் தீர்க்கப்பட வேண்டியிருந்ததையும் அக்கால ஆவணங்கள் காட்டுகின்றன. குளியாளிக்கும் பங்கு உண்டு. இலங்கைக் கரையில் ஆங்கிலேயர் நடத்திய சலாபங்களில், அதாவது முத்துக்குளிப்புப் பருவங்களில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒன்று குளியாளிகளைச் சேர்ந்தது. கீழக்கரை முஸ்லிம் குளியாளிகள் இந்த முறையில்தான் மன்னார்க் கரைக்குச் சென்று உழைத்தார்கள். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று: தலைவனின் கல்லுக்கு அவன் பதவி காரணம், குளியாளியின் மூன்றில் ஒன்றுக்கு அவன் மூச்சு காரணம். இரண்டில் எதுவும் விசுவாசத்துக்கு விலையாகக் கொடுக்கப்பட்டதன்று.

விசுவாசத்தை விலைக்கு வாங்கும் முறை நீராவிக் கப்பல்களோடு வந்தது. ஒரே தடத்தில் ஓடும் கம்பெனிகள் தங்களுக்குள் கட்டணத்தை ஒன்றாக நிர்ணயித்துக்கொண்ட கூட்டணிக்குக் ‘கான்ஃபரன்ஸ்’ என்று பெயர். கல்கத்தாத் தடத்துக்கு 1875இல் அமைந்தது இத்தகைய கூட்டணிகளில் முற்பட்டது. கட்டணம் ஒன்றானபின், வெளியிலிருந்து குறைந்த கட்டணத்தில் வரும் புதிய கப்பலைத் தடுக்க வழி வேண்டியிருந்தது. அதற்காக 1877 முதல் ஒத்திவைத்த தள்ளுபடி என்னும் முறை புகுத்தப்பட்டது. சரக்கு அனுப்பும் வணிகர் முழுக் கட்டணத்தையும் செலுத்திவிட வேண்டும். அதில் ஒரு பகுதி, வழக்கமாகப் பத்தில் ஒன்று, அவர் பெயரில் சேர்ந்துகொண்டே வரும். ஆறு மாதத்துக்குச் சேர்ந்த அந்தத் தொகை, அடுத்த ஆறு மாதமும் அவர் கூட்டணிக் கப்பல்களைத் தவிர வேறெதிலும் ஒரு மூட்டைகூட ஏற்றாதிருந்தால்தான் திருப்பித் தரப்படும். ஒருமுறை வேறு கப்பலை நாடினால் சேர்ந்தது முழுவதும் போய்விடும். வணிகரின் பணத்தையே பிணையாக வைத்துக்கொண்டு அவரைக் கட்டிப்போட்ட இந்த முறையைச் சலுகை என்று அழைத்தது அக்கால வணிக உலகின் துணிவு என்றே சொல்ல வேண்டும். இதைப் பற்றிய புகார்கள் பெருகியதால் பிரிட்டிஷ் அரசு 1906இல் கப்பல் கூட்டணிகளை ஆராய ஒரு அரச ஆணையத்தையே அமைத்தது.

அதே 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. ஆழம் குறைந்த பாம்பன் கால்வாயைப் பெரிய நீராவிக் கப்பல்கள் கடக்க இயலாததால், சென்னையிலிருந்து இரயிலில் வந்து கொழும்புக்குச் செல்வோருக்கு அன்று தூத்துக்குடியே வாயில். அத்தடம் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் பிடியில் இருந்தது. புதிய கம்பெனியின் உயிராக இருந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. அதன் தலைவர், இராமநாதபுரம் சேதுபதி மரபைச் சார்ந்தவரும், பாலவநத்தம் ஜமீன்தாரும், 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர். சேது நாட்டின் புலவர்களைப் பேணிய ஒருவர் கப்பல் கம்பெனிக்குத் தலைமை ஏற்றதில் வியப்பில்லை. கடலைக் கடந்து செல்வது இக்கரையில் எல்லோருக்கும் உரிய செய்தியாக இருந்தது.

கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். அது ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. இந்தியரும் இலங்கையரும் பிற ஆசிய நாட்டவரும் மட்டுமே பங்கு வாங்கலாம் என்று விதி செய்யப்பட்டது. ஹாஜி முகம்மது பக்கீர் சேட்டு என்னும் வணிகர் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது மொத்தத்தில் ஐந்தில் ஒன்றை, இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். எஞ்சியவற்றைச் சிறு வணிகர், வழக்கறிஞர், நிலக்கிழார் எனப் பலரிடமும் கொண்டுசெல்லச் சிதம்பரம் பிள்ளை ஊர் ஊராக அலைந்தார். இந்தப் பங்குக்கு இன்றைய பொருளில் சலுகை எதுவும் சொல்லப்படவில்லை. கீழை நாட்டாருக்குக் கப்பல் தொழிலில் பயிற்சி அளிப்பது, கப்பல் கட்டும் தளம் அமைப்பது போன்ற நோக்கங்களே அதன் அமைப்பு விதிகளில் இடம்பெற்றன. பங்கு வாங்கியவர் தம் சரக்கையும் தம் பயணத்தையும் தம் கப்பலுக்கே தருவார் என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை நம்பிக்கை. பங்குதாரரும் பயணியும் சரக்கு அனுப்புவோரும் ஒரே மக்களாக இருக்கும் ஒரு கம்பெனியை இக்கரை அதற்கு முன் கண்டதில்லை.

முதலில் பம்பாயிலிருந்து வாடகைக்கு எடுத்த கப்பல்கள் எதிர்த் தரப்பின் நெருக்குதலால் திரும்பப் பெறப்பட்டன. இலங்கையிலிருந்து ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சமாளித்த பிறகு, 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்கே சொந்தமாக வந்து சேர்ந்தன. இக்கப்பல் ஒன்றில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். பயணியர் எண்களில் பெரியது சாதாரண வகுப்பு என்பதே இத்தடத்தின் இயல்பை உணர்த்தும். கொழும்புக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கடைச் சிப்பந்திகளும் கூலியாட்களும் சிறு வியாபாரிகளும்.

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. பின்னர் அந்நியக் கம்பெனி கட்டணமே இல்லாமல் ஏற்றிச் செல்லவும், வருவோருக்கு ஆளுக்கொரு குடை அன்பளிப்பாகத் தரவும் முன்வந்ததை வ. உ. சி.யின் வரலாற்றை எழுதிய பலரும் பதிவு செய்கின்றனர். இந்தக் குடை பள்ளிப் பாடங்களில் ஒரு வேடிக்கைச் செய்தியாகவே சொல்லப்பட்டு வருகிறது. அது அவ்வளவு இலேசாக விடத்தக்கதன்று. ஆசியக் கடல்களெங்கும் கப்பல் ஓட்டிய ஒரு கம்பெனி, ஒரு சிறு தடத்தின் இழப்பை மற்றத் தடங்களின் இலாபத்தால் ஈடுகட்டிக்கொள்ளலாம். இரண்டு கப்பல்களும் ஒரே தடமும் கொண்ட கம்பெனிக்கு ஈடுகட்ட வேறு இடமில்லை. இலவசப் பயணத்துக்கும் குடைக்கும் உண்மையான விலையைக் கொடுத்தவர்கள், 25 ரூபாய்ப் பங்கை வாங்கியிருந்த இக்கரை மக்களே. இருந்தும், மக்களில் பெரும்பகுதியினர் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலிலேயே சென்றனர் என்பது இந்த வரலாற்றில் பெருமைக்குரிய பகுதி.

சலுகையால் முடியாததை அரசின் அடக்குமுறை முடித்தது. 1908 மார்ச் 12இல் சிதம்பரம் பிள்ளை கைது செய்யப்பட்டார். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அரசியலை விட்டுக் கம்பெனியை மட்டும் கவனிக்குமாறு அதற்கு முன்பே அவரை வற்புறுத்திய இயக்குநர்களால், அவரில்லாமல் அதை நடத்த முடியவில்லை. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் பாண்டித்துரைத் தேவரும் மறைந்தார். காலியா கப்பல், எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அதற்கே விற்கப்பட்டது. பங்குதாரர்களுக்கு மிஞ்சியது பத்திரம் மட்டுமே.

இதே காலத்தில் இராமநாதபுரம் கரையில் பங்குதாரர் சலுகையின் இன்னொரு வடிவம் நிலைபெற்றிருந்தது. 1858இல் உருவான கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா இரயில்வே கம்பெனியும், அதிலிருந்து 1874இல் தோன்றிய தென்னிந்திய இரயில்வேயும், உத்தரவாத வட்டி என்னும் ஏற்பாட்டில் வளர்ந்தவை. இரயில்வே ஈட்டும் இலாபம் மூலதனத்தில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்தால், குறைந்த தொகையை இந்திய அரசு தன் வரி வருவாயிலிருந்து நிரப்பித் தரும். பிற்காலத்தில் இந்த வீதம் குறைக்கப்பட்டாலும் உத்தரவாதம் என்னும் கொள்கை தொடர்ந்தது. இலண்டன் பங்குதாரருக்கு நட்டம் என்பதே இல்லாமல் செய்த இந்தச் சலுகைக்கு ஈடாக எந்த உல்லாசக் கப்பல் கம்பெனியும் இன்றுவரை எதையும் தந்ததில்லை. அந்த இரயில்வேதான் 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலத்தைத் திறந்து, அடுத்த மாதமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்களை ஓட்டியது. சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் இரயிலும் கப்பலும் மாறிக் கொழும்பு சேரலாம் என்னும் ‘போட் மெயில்’ ஏற்பாடு, தூத்துக்குடியிலிருந்து சேதுக் கரைக்கு மாறியது இப்படித்தான்.

இக்கப்பல்களில் இலங்கைக்குச் சென்ற தோட்டத் தொழிலாளர்களுக்கும் பயணக் கடன் உண்டு. அதை வரவு என்று சொல்வதா பற்று என்று சொல்வதா என்பது யார் கணக்கில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகுத்தப்பட்ட தகரச் சீட்டு முறையில், எண் பொறித்த சிறு உலோக வில்லை ஒன்று தொழிலாளியிடம் தரப்பட்டது. அதைக் காட்டினால் கையில் காசில்லாமல் இரயிலும் கப்பலும் முகாம் உணவும் கிடைக்கும். செலவு முழுவதும் தோட்டத்தின் கணக்கில் ஏறி, அங்கிருந்து தொழிலாளியின் கடனாகவோ, ஆள் திரட்டிய கங்காணியின் கடனாகவோ இறங்கும். அந்தக் கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டுப் போக இயலாதபடி, கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு தொழிலாளியைத் தொடர்ந்தது. புதிய தோட்டம் அத்துண்டின் தொகையைச் செலுத்தினால்தான் பழைய தோட்டம் அவரை விடும். 1921இல் இலங்கை அரசு சட்டமியற்றித் துண்டு முறையை ஒழித்தது. தொழிலாளர்களைச் சோதித்து இலங்கைக்கு அனுப்பிய மண்டபம் முகாமில் தடுப்பு ஊசிக்காகக் காத்திருந்த குடும்பங்கள் முழங்கால் மடக்கி அமர்ந்திருந்த அதே தடத்தில்தான் முதல் வகுப்புப் பயணிகள் மெத்தை இருக்கைகளில் சென்றார்கள் என்பதை, இக்கப்பல்களின் அழகைப் பேசும் எழுத்துகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

ஒத்திவைத்த தள்ளுபடியை அமெரிக்கா 1916ஆம் ஆண்டின் கப்பல் சட்டத்தால் தடை செய்தது. இந்தியாவில் 1919இல் எழுந்த சிந்தியா கம்பெனியும் கட்டணப் போரைச் சந்தித்து, 1923இல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடு உடன்பாட்டுக்கு வர நேர்ந்தது. மத்தியச் சட்டசபையில் சாராபாய் ஹாஜி, கடலோரப் போக்குவரத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்கும் மசோதாவை 1928இலும், ஒத்திவைத்த தள்ளுபடியை ஒழிக்கும் மசோதாவை அதன் பின்னரும் கொண்டுவந்தார். இரண்டும் சட்டமாகவில்லை. தூத்துக்குடியின் அனுபவம் அந்த மசோதாக்களின் பின்னணியில் இருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. இலங்கையின் போர்ச் சூழலால் 1984இல் அதுவும் நின்றது. தூத்துக்குடி – கொழும்பு கப்பல் 2011இல் சில மாதங்களே ஓடியது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைத் தடம் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. இத்தகைய தடங்கள் எங்கே திறந்தாலும், கட்டணக் குறைப்பும் அறிமுகச் சலுகையும் உடனே பேசப்படுகின்றன. கப்பலில் கரையோர மக்களுக்குப் பங்கு உண்டா என்னும் 1906ஆம் ஆண்டின் கேள்வியை எவரும் எழுப்பக் காணோம்.

சுதேசிக் கம்பெனியின் பங்குப் பத்திரங்களும் போட் மெயில் பயணச்சீட்டுகளும் தகர வில்லைகளும் இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களின் பழைய குடும்பங்களில் இன்னும் கிடக்கக் கூடும். அவற்றைப் பழைய காகிதம் என்றோ துருப்பிடித்த தகரம் என்றோ எறிந்துவிடாமல், இராமநாதபுரத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்திடமோ சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திடமோ ஒப்படைக்குமாறு இக்கரையின் வாசகர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.