ஹைடென்ஷன் கம்பி பக்கத்தில் வீடு: குழந்தைக்கு ரத்தப்புற்றுநோய் வருமா?

மொட்டை மாடிக்கு மேலே ஹைடென்ஷன் கம்பி போகிறது. மழை நாளில் 'உஸ்' என்று சத்தம் வேறு. இதன் அடியில் வளரும் பிள்ளைக்கு ரத்தப்புற்றுநோய் வரும் என்று பயப்படுபவர்கள் ஏராளம். இந்த பயம் எங்கிருந்து கிளம்பியது தெரியுமா?

அமெரிக்காவின் டென்வர் நகரில் இருந்துதான். புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீடுகளை நான்சி வெர்தைமர், எட் லீப்பர் ஆகிய இருவர் ஆய்வு செய்து 1979-ல் முடிவை வெளியிட்டனர். அதிக கரண்ட் ஓடும் கம்பிகளுக்கு அருகில் இருந்த வீடுகளே அதில் கூடுதல்!

கம்பியில் கரண்ட் ஓடினால் சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகும். சுவர் அதை தடுக்காது. ஆனால் தள்ளிப்போகப் போக மளமளவென்று குறைந்துவிடும். பல நாட்டு ஆய்வுகளை 2000-ம் ஆண்டில் ஒன்றாக சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாக 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேல் காந்தப்புலம் உள்ள வீடுகளில் குழந்தைகளுக்கு இந்த நோய் சுமார் 2 மடங்கு இருந்தது. ஆனால் அப்படிப்பட்ட வீடுகளில் இருந்த குழந்தைகள் 100-க்கு ஒருவர்கூட இல்லை. 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை 'உண்டாக்கக் கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. 'உண்டாக்கும்' என்று சொல்லவில்லை. டீக்கடை பேச்சில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

இங்கிலாந்தில் நடந்ததுதான் சுவாரசியம். பிறந்தபோது கம்பியில் இருந்து 200 மீட்டருக்குள் வசித்த குழந்தைகளுக்கு ரத்தப்புற்றுநோய் ஆபத்து 69 சதவீதம் அதிகம் என்று 2005-ல் ஒரு ஆய்வு வெளியாகி பரபரப்பு ஏற்பட்டது. 600 மீட்டர் வரைகூட கொஞ்சம் அதிகம் தெரிந்தது. அவ்வளவு தூரத்துக்கு கம்பியின் காந்தப்புலம் எட்டவே எட்டாதே! 2014-ல் கணக்கை நீட்டிப் பார்த்தபோது, 1980-களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளிடம் அந்த வித்தியாசமே இல்லை. கம்பிதான் காரணம் என்றால் அது எப்படி மறையும்?

எனவே வீட்டை காலி பண்ண வேண்டாம். மனசு கேட்கவில்லையா? தொட்டிலை மீட்டர் பெட்டி உள்ள சுவரை ஒட்டிப் போடாமல் சில அடி தள்ளிப் போடுங்கள், போதும்.

உண்மையான எமன் ஷாக்தான். 11 ஆயிரம் வோல்ட் கம்பிக்கும் கட்டிடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. பால்கனியை இழுத்துக் கட்டி கம்பியை கைக்கு எட்ட வைப்பவர்கள் இதை நினைப்பதில்லை. பட்டம் சிக்கினால் பையன் இரும்புக் கம்பியோடு மாடி ஏறுவான். அவனை இறக்கிவிட்டு, முதலில் மின்வாரியத்துக்கு போன் போடுங்கள்.