தொட்டுப் பார்த்து வாங்கிய கதை

மும்பை தாராவியில் வாங்கிய பர்ஸின் மூலையில் கம்பெனிப் பெயர் அமுங்கிப் பதிந்திருக்கும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கைமாறும் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் பொன்னிறத்தில் புடைத்து உட்கார்ந்திருப்பார். சென்ட் பெட்டி, ஊதுபத்தி அட்டை என்று எங்கும் இருக்கும் இந்த எம்பாஸிங் அச்சகத்தில் பிறந்ததல்ல. காகிதத்தைவிடவே மூத்தது.

குஜராத்தின் லோத்தலில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்டகசாலை தீப்பிடித்தது. சரக்கு போயிற்று. மூட்டைகளில் ஒட்டியிருந்த களிமண் முத்திரைகள் மட்டும் தீயில் வெந்து கெட்டிப்பட்டுத் தப்பின. 1950களில் தொல்லியலாளர் எஸ்.ஆர். ராவ் தோண்டியெடுத்தபோது அவற்றின் முன்பக்கம் முத்திரை உருவம் புடைத்திருந்தது. பின்பக்கம் துணி, நாணல், கயிறு ஆகியவற்றின் தடம். குழிவாகச் செதுக்கிய கல்லை ஈரமண்ணில் அழுத்தினால் உருவம் மேலெழும். சரக்கு யாருடையது, வழியில் யாரும் பிரித்தார்களா என்பதை அது காட்டிக்கொடுக்கும். லேபிளின் வேலை இன்றும் அதுதானே!

ஐரோப்பாவில் களிமண்ணின் இடத்துக்கு ஈயம் வந்தது. துணியை அளந்து தரம் பார்த்த அதிகாரிகள் அதன் ஓரத்தில் ஈய வில்லையை நசுக்கி முத்திரையிட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் சரக்குக்கு இதய வடிவக் குறி ஒன்றை வைத்திருந்தது. அந்தக் குறி தபாலிலும் ஏறியது. பம்பாய் மாகாணத்தோடு இணைந்திருந்த சிந்துப் பகுதியில், அதன் ஆணையர் பார்ட்டில் ஃப்ரியர் 1852 ஜூலையில் அரையணா தபால்தலையை வெளியிட்டார். ஆசியாவின் முதல் தபால்தலையான அதன் நடுவே கம்பெனியின் அதே இதயம்! முதலில் சிவப்பு அரக்கில் புடைத்தார்கள், கையாளும்போதே நொறுங்கியது. வெள்ளைத் தாளில் நிறமில்லாமல் புடைத்தார்கள். மங்கிய வெளிச்சத்தில் தெரியவில்லை. கடைசியில் நீலம் சேர்த்தார்கள். புடைப்போடு வண்ணமும் வேண்டும் என்பது இப்படிப் பட்டுத் தெரிந்த பாடம்.

அந்தப் பாடத்தைக் காசாக்கியவர்கள் ஜெர்மானியர். பலவண்ணக் கல்லச்சில் படம் போட்டு, அதைப் புடைத்து, உருவத்தின் ஓரமாகவே வெட்டி, தாள் தாளாக விற்றார்கள். ஓவியர் ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது இயந்திரமும் வல்லுநர்களும் ஜெர்மனியிலிருந்தே வந்தனர். பிறகு அதை வாங்கியவரும் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷர்தான். சுவரில் மாட்டிய லட்சுமியும் சரஸ்வதியும் விற்பனைச் சரக்கின் லேபிளுக்கு இறங்கி வந்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் படத்தைப் பார்த்தே சரக்கு வாங்கிய காலம் அது. காப்பியடிப்பவர்கள் சும்மா இருப்பார்களா? தட்டைப் படத்தைத் திருப்பி வரைவது சுலபம். ஆனால் புடைப்பைக் காப்பியடிக்கத் தனி அச்சு, அதாவது டை, வெட்ட வேண்டும். போலிக்காரனுக்கு அது கூடுதல் செலவு.

டை என்பது ஒரு ஜோடி. பித்தளையில் குழிவாக வெட்டியது பெண் அச்சு. அதில் பொருந்தும் மேடு ஆண் அச்சு. நடுவில் லேபிளை வைத்து அழுத்தினால் காகிதத்தின் நார் இழுபட்டு உருவம் எழும். தாள் மெல்லியதானால் விளிம்பு கிழியும். ஜோடி கொஞ்சம் விலகினால் அச்சடித்த தும்பிக்கை ஓரிடம், புடைத்த தும்பிக்கை வேறிடம்.

தாராவிக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிட வந்த தமிழர்கள் பலர். பதனிடும் தொழில் பெரும்பாலும் அங்கிருந்து போய்விட்டாலும் பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறைகள் நிலைத்தன. சூடான டையை ஒரு கணம் அழுத்தினால் எந்தக் கம்பெனிப் பெயரும் தோலில் ஏறிவிடும். செதில் வெட்டிய தகட்டை ஆட்டுத்தோல்மீது அழுத்தினால் ஆடு முதலையாகிவிடும்! போலியைத் தடுத்த வித்தையே இங்கே அசல் மாதிரிக் காட்டவும் உதவுகிறது.

இந்தப் பயணத்தின் மிக நல்ல திருப்பம் மருந்துப் பெட்டியில் நிகழ்ந்தது. லூயி பிரெயில் 1824இல், 15 வயதில் உருவாக்கிய ஆறு புள்ளி எழுத்தில் மருந்தின் பெயரைப் பெட்டியில் பொறிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் விதித்தது. அங்கே விற்கும் இந்தியக் கம்பெனிகளுக்கும் அதே விதிதான். அலங்காரத்துக்கு டை வெட்டத் தெரிந்த நமக்கு அந்தப் புள்ளிகள் பெரிய வேலையல்ல. நம் தெருக்கோடி மருந்துக் கடையில் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் அவை இருக்க வேண்டும்.