விலக்கப்பட்ட இரு சுரங்கள்: தொடக்கப் பள்ளியில் இசையாக்கம்

தொடக்கப் பள்ளியில் இசையாக்கம் கற்பிக்கலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், இலக்கணம் அறியாத பிள்ளை எதை இயற்றிவிடும் என்ற மறுப்பும் கூடவே எழுகிறது. இருபதாம் நூற்றாண்டில் மேலை இசைக்கல்வி இதற்குக் கண்ட விடைகளுள் செல்வாக்கு மிக்கது ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் தந்தது. அந்த விடை நம்மைப் பாதி வழிதான் கொண்டுசெல்கிறது என்பது என் வாதம்.

1924இல் டோரதே குந்தருடன் சேர்ந்து மியூனிக்கில் அவர் தொடங்கிய பள்ளி, இளம்பெண்களுக்கு உடற்பயிற்சியையும் நடனத்தையும் இசையையும் ஒன்றாகப் பயிற்றியது. 1948இல் தொடங்கிய பவேரிய வானொலி நிகழ்ச்சிகளால்தான் அம்முறை சிறுவரிடையே பரவியது. ஓர்ஃபுடன் பணியாற்றிய குனில்ட் கேட்மனின் உழைப்பு இல்லாமல் அது நடந்திராது. 1950 முதல் 1954 வரை வெளிவந்த, அம்முறைக்கான ஐந்து நூல்தொகுதிகளும் இவ்விருவரின் ஆக்கமே. முறைக்கு வழங்கும் பெயர் மட்டும் ஒருவருடையதாகிவிட்டது.

அவர்கள் பயன்படுத்திய சைலோபோனில் மரச்சட்டங்களைக் கழற்றி மாட்டலாம். மத்திமத்தையும் நிஷாதத்தையும் கழற்றிவிட்டால் எஞ்சுவன ச, ரி, க, ப, த. நம் செவிக்கு மோகனத்தின் சுரங்கள். அரைச்சுர இடைவெளி எங்கும் இல்லாததால், வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் எதைத் தட்டினாலும் காதை உறுத்தாது. தப்பாக வாசித்துவிடுவோமோ என்ற அச்சம் பிள்ளையை விட்டு அகல்கிறது. இது பெரிய காரியம். ஆனால் எதைத் தட்டினாலும் பொருந்தும் என்றால், எதையும் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையும் போய்விடுகிறது. ஓர் ஒலியைத் தள்ளி இன்னொன்றை வைத்துக்கொள்ளும்போதுதான் இயற்றுதல் தொடங்குகிறது.

எட்டு வயதுப் பிள்ளை ஒன்று ‘க க ப க, ரி ரி ச’ என்று வாசிப்பதாகக் கொள்வோம். “நல்லா இருக்கு” என்று ஆசிரியர் நகர்ந்துவிட்டால் பாடம் அங்கேயே நின்றுவிடும். “கடைசியில ச-வுக்குப் பதிலா த வாசிச்சுப் பாரு. ரெண்டுல உனக்கு எது வேணும்?” என்று கேட்டால் பிள்ளை இரண்டையும் வாசித்துக் காது கொடுக்கிறது. முதல் தடவை த-வில் நிறுத்தி, மறுதடவை ச-வில் கொண்டுவந்து இறக்கவும் அதற்குத் தோன்றலாம். வடிவம் பற்றிய அறிவு அது; கலைச்சொல் பிறகு வந்தால் போதும்.

கீத் ஸ்வான்விக்கும் ஜூன் டில்மனும் 1986இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய தேர்வு தொடக்கப் பள்ளியிலேயே நிகழக்கூடும் என்பதற்குத் துணைநிற்கிறது. 48 இங்கிலாந்துப் பிள்ளைகளின் 745 ஆக்கங்களை அவர்கள் ஆராய்ந்தனர். மிகச் சிறிய பிள்ளைகளை ஒலியே ஈர்க்கிறது. ஏழெட்டு வயதில் பழகிய, சீரான இசைத்தொடர்கள் மேலோங்குகின்றன. பத்து வயதை ஒட்டி, எதிர்பார்ப்பை வேண்டுமென்றே மீறும் ஆசை தலைகாட்டுகிறது. ஒரு நாட்டுப் பிள்ளைகளிடம் கண்ட இவ்வரிசையை உலகப் பொதுவென்று கொள்ளத் தயக்கம் வேண்டும். ஆயினும் பழகியதிலிருந்து மீறலுக்கு நகரும் வயது தொடக்கப் பள்ளிக்குள்ளேயே வந்துவிடுகிறது என்பது கவனத்துக்குரியது. இயற்றுதலை மேல்வகுப்புக்கு ஒத்திப்போடுபவர்கள் அந்தப் பருவத்தையே தவறவிடுகிறார்கள்.

பள்ளியில் இயற்றவைக்கும் முயற்சிகள் முன்பே நடந்துள்ளன. ஜான் பெயின்டரும் பீட்டர் ஆஸ்டனும் 1970இல் எழுதிய நூல், ஒலியையும் நிசப்தத்தையுமே மூலப்பொருளாக்கிப் பிள்ளைகளை இயற்றவைத்தது. 1992இல் இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் ஐந்து வயதிலிருந்தே இயற்றுதலைக் கட்டாயமாக்கியது. ஆனால் பாடத்திட்டத்தில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. ஆசிரியர் உட்கார்ந்து கேட்கவும் நேரம் வேண்டும். மதிப்பீடும் மாற வேண்டும். முடிந்த பாட்டோடு, பிள்ளை வேண்டாமென்று ஒதுக்கிய வடிவத்தையும் கைப்பேசியில் பதிந்துவைத்து, ஏன் ஒதுக்கினாய் என்று கேட்டு, அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் தரலாம்.