போபாலின் நள்ளிரவு

நகரமொன்று உறங்குகையிலே நஞ்சுண்டு மடிந்த சரித்திரம் இது. மத்தியப் பிரதேசத்துத் தலைநகராகிய போபாலில், 1984-ம் வருடம் டிசம்பர் 2-ந் தேதி இரவு கழிந்து 3-ந் தேதி பிறந்த வேளையில் நிகழ்ந்தது. தலைவிதியென்று கூறி நெற்றியைத் தொட்டுக் காட்டுவோர் இன்றும் உளர். விதி செய்ததெது, மனிதர் செய்ததெது என்பதைச் சற்று ஆராய்வோம்.

யூனியன் கார்பைடு என்னும் அமெரிக்கக் கம்பெனியின் இந்தியக் கிளை, அங்கே 'செவின்' என்ற பூச்சிமருந்தைச் செய்துவந்தது. அதற்கு வேண்டிய சரக்குகளில் ஒன்று மீதைல் ஐசோசயனேட் என்னும் கொடிய திரவம். 39 டிகிரி சென்டிகிரேடு சூட்டிலேயே ஆவியாகிவிடும். தண்ணீர் கலந்தாலோ தானே சூடேறிப் பொங்கியெழும். ஆதலின் குளிர்வித்தே காத்தல் வேண்டும். அன்றிரவு 610-ம் எண் தொட்டியில் ஏறக்குறைய 40 டன் திரவம் இருந்தது. அதனுள் தண்ணீர் புகுந்துவிட்டது. குழாய் கழுவுகையில் புகுந்ததென்பர் சிலர். யாரோ ஒரு தொழிலாளி வேண்டுமென்றே விட்டான் என்றது கம்பெனி. ஏழைமேல் பழிபோடுதல் எளிதன்றோ!

எவ்வாறு புகுந்ததாயினும், தடுத்திருக்கக்கூடிய சாதனங்களின் நிலை யாது? குளிர்விக்கும் யந்திரம் மாதக்கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவைக் கொளுத்திவிடும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. வாயுவைக் காரநீரால் கழுவும் சாதனம் அவ்வளவு பெரிய பெருக்கைத் தாங்கவில்லை. ஊராரை எழுப்பவேண்டிய சங்கு சிறிது ஒலித்து நிறுத்தப்பட்டது.

காற்றினும் கனத்த அவ்வாயு நிலத்தோடு தவழ்ந்து, ஆலையை அடுத்திருந்த குடிசைகளுக்குள் முதலில் நுழைந்தது. கண் எரிய, மூச்சுத் திணற ஜனங்கள் வீதியிலே ஓடினர். ஓடியவர் இரைத்திரைத்து மூச்சிழுத்தபடியால் அதிக நஞ்சையே உட்கொண்டனர். ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டால் ஓரளவு தப்பலாமென்பதை அவர்களுக்கு முன்னரே சொல்லிவைத்தவர் எவருமிலர்.

எச்சரித்தவர் ஒருவர் இருந்தார். ராஜ்குமார் கேஸ்வானி என்னும் பத்திரிகையாளர், தாம் நடத்திய சிறு வாரப் பத்திரிகையில் 1982-லேயே இவ்வாபத்தை எழுதினார். சிறு பத்திரிகையைப் படிப்பார் யார்!

முதலில் சர்க்கார் ஒப்புக்கொண்ட மரணம் 2,259, பின்னர் 3,787. மெய்த்தொகை பன்மடங்கென்பர் பாதிக்கப்பட்டோர். கம்பெனித் தலைவர் வாரன் ஆண்டர்சன் டிசம்பர் 7-ந் தேதி கைதாகி, ஜாமீனில் வெளிவந்து அமெரிக்கா சென்றவர், விசாரணைக்குத் திரும்பாமலே 2014-ல் காலமானார். 1989-ல் 47 கோடி டாலருடன் நஷ்டஈட்டு வழக்கு தீர்ந்தது. 2010-ல் இந்திய அதிகாரிகள் எழுவருக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டு, அன்றே ஜாமீனும் கிடைத்தது. ஆலையில் மூட்டை மூட்டையாகக் கிடந்த நச்சுக் கழிவில் ஏறக்குறைய 337 டன், 2025 ஜனவரியில்தான், நாற்பதாண்டுகள் கழிந்தபின், லாரிகளில் ஏற்றிப் பீதம்பூருக்கு அனுப்பப்பட்டது.