செல்பேசி இணையத்தின் வரைவுத் தரங்கள்: பரிசீலனை வரலாறு

இடம்பெயரும் கருவிகள் தரவைப் பரிமாறிக்கொள்வதற்கான நெறிமுறைகள், தரமாக ஏற்கப்படுமுன், வரைவு நிலையிலேயே நிபுணர்களால் குணதோஷம் ஆராயப்பெறுவது இப்பரிசீலனையாகும். 1986-இல் தோன்றிய இணையப் பொறியியல் பணிக்குழுவில், விருப்பமுடைய எவரும் அபிப்பிராயம் கூறலாம்; ஆறு மாதங்களுக்குள் புதுப்பிக்கப்படாத வரைவு காலாவதியாகிவிடும். நகரும் கருவிகளுக்கான இணைய நெறிமுறை அங்கே 1996-இல் வெளியாயிற்று. ஆயினும், இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்பிற்கு ஏற்ற அதன் வடிவமோ, "நான் இடம் மாறிவிட்டேன்" என்று ஒருவர் பொய்யறிவிப்பு விடுத்துப் பிறர்க்குரிய தரவைத் தம்பால் திருப்பிக்கொள்ளக்கூடும் என்ற ஆக்ஷேபணை எழுந்தமையால், பாதுகாப்புப் பகுதி மாற்றி அமைக்கப்பெற்று, 2004 ஜூனில்தான் வெளிவந்தது.

வானலைத் தரங்களைப் பரிசீலிக்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் சரித்திரத்தில் நம்மவர்க்கு முக்கியமான அத்தியாயம் 5ஜி காலத்தது. 5ஜி-க்கென முன்மொழியப்படும் தொழில்நுட்பங்களை மதிப்பிடக் கிராமப்புறத்திற்கென வகுக்கப்பட்ட சோதனை, கோபுரங்கள் 1,732 மீட்டர் இடைவெளியில் நிற்பதாகவும், வெளியிலுள்ள பயனர் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காரில் விரைவதாகவும் அனுமானித்தது. அத்தகைய கிராமம் எத்தேசத்ததோ! விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட அனந்தபுரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களை அறிந்தவர் எவரும் அதனை ஒப்பமாட்டார். கண்ணாடி இழைக் கம்பி ஊராட்சி அலுவலகம் வரை வந்தால், அங்கு நாட்டிய ஒரே கோபுரம் சுற்றுப்புறக் குடியிருப்புகளையெல்லாம் எட்டவேண்டும். பயனரில் பெரும்பாலோர் வீட்டிலிருப்பவர் அல்லது நடந்து செல்பவர். இக்காரணங்களை எடுத்துரைத்த இந்தியத் தொலைத்தொடர்புத் தர மேம்பாட்டுச் சங்கத்தின் வாதம் ஏற்கப்பட்டு, 6 கிலோமீட்டர் கோபுர இடைவெளியும் மந்த வேகமும் கொண்ட தேர்வு 2017-இல் சோதனை விதிகளுள் இடம்பெற்றது. விடையை எழுதுவதைக் காட்டிலும் வினாத்தாளைத் திருத்துவது அரிய காரியமாதலின், இதனையே அச்சங்கத்தின் தலையாய சாதனையெனக் கொள்ளலாம்.

விடையும் பின்னர் வந்தது. தொலைவிலுள்ள செல்பேசியின் பலவீனமான குரல் கோபுரத்தை எட்டுமாறு, அச்செல்பேசியின் அலைபரப்புத் திறனை முழுமையாகப் பயன்படுத்தும் அலைவடிவத்தைச் சென்னை ஐ.ஐ.டி., ஹைதராபாத் ஐ.ஐ.டி. ஆகியவற்றின் ஆய்வாளர்களும், சென்னையிலுள்ள கம்பியில்லாத் தொழில்நுட்ப உயர் மையத்தினரும் வகுத்தனர். '5ஜிஐ' எனப் பெயர்பெற்ற அது, 2021-இல் ஒன்றியத்தின் பரிந்துரையில் இடம்பெற்றது. ஆயினும், உலகம் முழுதும் வழங்கும் கருவிகளோடு ஒத்துவராமற்போகும், செலவும் மிகும் என்று இந்திய அலைபேசி நிறுவனங்களே ஆக்ஷேபித்தன. ஆகவே அது தனித்து நில்லாமல், 3ஜிபிபி என்னும் சர்வதேசக் கூட்டமைப்பின் 17-ஆம் வெளியீட்டோடு இணைக்கப்பெற்றது.