ஒட்டகத் திமிலும் களிமண் பாதையும்

அமெரிக்க தேசத்தின் அயோவா, ஒஹாயோ முதலிய மாநிலங்களில், களிமண்ணைக் கெட்டித்து அமைத்த வட்டப் பாதைகளில் பல தலைமுறைகளாக நடந்துவரும் மோட்டார்ப் பந்தயங்களின் சரித்திரம், ஓட்டுநர்களின் தீரத்தைச் சொல்வதோடு நில்லாமல், மெலிந்த பணப்பைக்கும் விதிப்புத்தகத்துக்கும் கட்டுப்பட்டு, நல்ல சிலிண்டர் ஹெட்டைத் தேர்ந்தெடுத்த எளிய மெக்கானிக்குகளின் விவேகத்தையும் சொல்வதாகும்.

1932-இல் ஃபோர்டு வெளியிட்ட வி-8 எஞ்சினில் வால்வுகள் பிளாக்கிலேயே அமைந்திருந்தபடியால், ஹெட் என்பது பெரும்பாலும் ஒரு மூடியாகவே இருந்தது. எட் கோல் என்னும் பொறியியல் நிபுணரின் தலைமையில் உருவாகி, 1955-ஆம் ஆண்டு மாடல்களில் வந்த 265 கன அங்குல செவர்லே வி-8 எஞ்சினிலோ, வால்வுகள் ஹெட்டில் இடம்பெற்று, எஞ்சினின் சுவாசம் முழுவதும் அதன் வழியாகவே நடைபெற்றது.

அவ்வம்ச எஞ்சின்களுக்கென 1960-களில் வார்க்கப்பட்ட சில ஹெட்டுகளின் ஓரத்தில் இரட்டை மேடு போன்ற அடையாளம் இருந்தமையால், பந்தயக்காரர்கள் அவற்றை 'ஒட்டகத் திமில்' என்றே அழைத்தார்கள். அவற்றின் எரியறை ஏறக்குறைய 64 சி.சி.; 1970-களில் வந்த பல ஹெட்டுகளிலோ அது 76 சி.சி. வரை பெருத்தது. தட்டையான பிஸ்டன்களைக் கொண்ட 350 கன அங்குல எஞ்சினில் இந்த 12 சி.சி. வித்தியாசம் அமுக்க விகிதத்தை ஏறக்குறைய ஒரு புள்ளி குறைத்துவிடுமாதலால், பழைய இரும்புக் கடைகளில் திமில் தேடி அலைந்தவர்கள் பலர்.

1915-இல் தோன்றிய ஐ.எம்.சி.ஏ. என்னும் பந்தயச் சங்கம், 1979-இல் 'மாடிஃபைடு' வகுப்பைத் தொடங்கியது. வென்றவனின் எஞ்சினை, விதியில் நிர்ணயித்த சொற்ப விலைக்குத் தோற்றவன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற அவ்வகுப்பின் விதி, எஞ்சினில் பணத்தைக் கொட்டும் ஆசையை அடக்கியது. இரும்பு ஹெட் மட்டுமே பொருத்த வேண்டும், காற்று செல்லும் துவாரங்களான போர்ட்டுகளைக் குடையலாகாது என்று வேறு பல களங்களும் வரையறுத்தன.

இங்கேதான் அறிவுக்கு வேலை வந்தது. அகன்ற வாய்க்காலில் நீர் சோம்பி நகர்வதைப் போல, அளவுக்கு மீறிய போர்ட்டில் காற்றின் வேகம் குன்றி, பெட்ரோல் துளிகள் அதனோடு கலவாமல் பிரிந்துவிடும். வளைவினின்று வெளிப்படும் கார் நடுத்தர வேகச் சுழற்சியில் இழுத்தாக வேண்டியிருப்பதால், சிறிய கார்புரேட்டருக்கு இசைந்த சிறிய போர்ட்டே அங்கு மேலானது.

தேர்ந்த மெக்கானிக் ஹெட்டைக் கவிழ்த்து, வால்வு இருக்கைகளுக்கிடையே விரிசல் உண்டா என்று நோக்கி, வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் பொருத்துவான். எரியறையின் விளிம்பில் கிரீஸ் தடவி, துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் ஒட்டவைப்பான். பின்பு பியூரெட் என்னும் அளவுக் குழாயிலிருந்து சாயநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசிக் காற்றுக்குமிழி மறையும் தருணத்தில் நிறுத்தி, எரியறையின் கொள்ளளவைக் குறித்துக்கொள்வான். எட்டு அறைகளுக்கும் இதே நியமந்தான்.

1996-இல் செவர்லே லாரி எஞ்சின்களுக்காக வந்த 'வோர்டெக்' இரும்பு ஹெட், சுமார் 170 சி.சி. போர்ட்டைக் கொண்டே பழைய திமில்களை விஞ்சிச் சுவாசித்து, சிறிய போர்ட்டே மேலானது என்ற பழைய மெக்கானிக்குகளின் கொள்கை மெய்யென்று நிரூபித்தது. பின்னர் அதே ஹெட்டைப் பூட்டிய எஞ்சின்களைத் தொழிற்சாலையே சீல் வைத்து விற்கத் தொடங்கியது. அவ்வெஞ்சின்கள் ஓடும் வகுப்புகளில் தேர்வு என்பதே அற்றுப்போயிற்று. செலவு குறைந்தது நன்மையே; ஆயினும், சொட்டுச் சொட்டாக அளந்து தெளிந்த அந்தக் கல்வியை இளைய மெக்கானிக்குகள் கைவிடலாகாது என்பதே என் துணிபு.