பழைய மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் மாற்றும் கருவிகள்

தேய்ந்த கிளட்ச் பிளேட்டுகளையும் ஸ்பிரிங்குகளையும், தேவைப்பட்டால் ஹப்பையும் சேர்த்துக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்துவதற்குப் பயன்படும் ஸ்பேனர்கள், ஹோல்டர்கள், புல்லர்கள், அளவுக் கருவிகள் ஆகியவை இத்தொகுதியில் அடங்கும். தமிழ்நாட்டில் பழைய வண்டி என்று பேசப்படுபவற்றுள் 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, அதே ஆண்டில் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, அதன் வழிவந்த ஸ்பிளெண்டர், ஓசூரில் தயாரான டிவிஎஸ் சுசுகி வண்டிகள், திருவொற்றியூரில் தயாரான வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் ஆகியவை முக்கியமானவை. விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை ஒட்டியுள்ள நாரணாபுரம் போன்ற பட்டாசுத் தொழில் ஊர்களில் கருவித் தேர்வுக்குக் கூடுதலாக ஒரு கவனமும் தேவைப்படுகிறது. அது இறுதியில் சொல்லப்படுகிறது.

வேலை தொடங்கும் முன்

கிளட்ச் வழுக்குகிறது என்று பட்டறைக்கு வரும் எல்லா வண்டிக்கும் பிளேட் மாற்ற வேண்டியதில்லை. கேபிள் இறுக்கமாக இருந்தாலே பிளேட்டுகள் முழுதாக ஒட்டாமல் வழுக்கும். ஹோண்டா வழி வண்டிகளில் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு (ஃப்ரீ ப்ளே) இருக்க வேண்டும். ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும், இதைச் சரிபார்த்துவிடலாம். அடுத்துப் பார்க்க வேண்டியது ஆயில். இந்த வண்டிகளின் கிளட்ச் ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்வது. காருக்கென வரும், உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த ஆயிலை ஊற்றினால் புதுப் பிளேட்டும் வழுக்கும். நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மூடியைத் திறக்கும் கருவிகள்

ஜப்பானிய வழி வந்த 100 சிசி வண்டிகளில் கிளட்ச் இன்ஜினின் வலப் பக்கத்தில் உள்ளது. ஆயிலை வடித்து, கிக்கரையும், இடைஞ்சலாக இருந்தால் ஃபுட் ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்றிய பிறகே மூடிக்கு வர முடியும். இதற்கு 8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர்கள், 8, 10, 12 அளவு டி ஸ்பேனர்கள், ஒரு சாக்கெட் செட் ஆகியவை போதும்.

சிக்கல் மூடியைப் பிடித்திருக்கும் ஸ்டார் ஸ்க்ரூக்களில் தொடங்குகிறது. முப்பது ஆண்டு வெப்பத்தில் அவை அலுமினியத்தோடு ஒன்றிப்போயிருக்கும். சாதாரண திருப்புளியைப் போட்டு முறுக்கினால் தலையின் பள்ளம் தேய்ந்து வழவழப்பாகிவிடும், பிறகு துளைபோட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை. இந்த ஸ்க்ரூக்களில் பல ஜேஐஎஸ் என்னும் ஜப்பானிய அளவில் செய்யப்பட்டவை. தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அந்த அளவு என்று அறியலாம். கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளியின் முனை அதில் அடிவரை இறங்காது. ஆகவே இங்கே இம்பாக்ட் டிரைவர் தவிர்க்க முடியாத கருவியாகிறது. அதன் பின்புறத்தில் சுத்தியலால் அடித்தால், முனை பள்ளத்துக்குள் அழுந்திக்கொண்டே சிறிது திரும்பும். ஒட்டிப்போன ஸ்க்ரூ அந்த அதிர்ச்சியில் விடுபடும். திருப்பிப் போடும்போது ஆலன் ஸ்க்ரூக்களாக மாற்றிக்கொள்வது நல்ல வழக்கம்.

ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தால் நீளம் மாறாது. நீண்ட ஸ்க்ரூவைக் குட்டையான துளையில் போட்டு இறுக்கி உடைந்த கேஸ்கள் அதிகம். மூடியை இழுக்கும்போது திருப்புளியை இடுக்கில் செருகி நெம்பக் கூடாது. ரப்பர் அல்லது மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் வந்துவிடும். ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைப் பித்தளைத் தகடாலோ கெட்டியான பிளாஸ்டிக் துண்டாலோ சுரண்ட வேண்டும்.

ஹோல்டர்

ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் பிரஷர் பிளேட் வந்துவிடும், பிளேட்டுகளையும் எடுத்துவிடலாம். பிளேட்டை மட்டும் மாற்றுவதென்றால் கழற்றும் வேலை இத்துடன் முடிந்தது. ஹப்பையும் ஹவுசிங்கையும் கழற்ற வேண்டுமானால் நடு நட்டைத் திறக்க வேண்டும். நட்டைத் திருப்பினால் ஹப்பும் சேர்ந்து சுற்றும். அதைப் பிடித்து நிறுத்துவதே கிளட்ச் ஹோல்டரின் வேலை.

கடையில் கிடைக்கும் ஹோல்டர், நீண்ட கைப்பிடியுள்ள இரு தாடைகளால் ஹப்பின் பற்களைக் கவ்வும். பட்டறைகளில் இதைத் தாங்களே செய்துகொள்வதும் உண்டு. கழித்துப்போட்ட இரும்புப் பிளேட் ஒன்றை எடுத்து, அதன் விளிம்பில் ஒன்றரை அடி நீளப் பட்டை இரும்பை வெல்ட் வைத்தால் போதும். பிளேட்டின் உட்பற்கள் ஹப்பின் பள்ளங்களில் சுற்றிலும் அமர்வதால் விசை ஒரு பல்லில் மட்டும் விழாமல் பரவுகிறது. கடை ஹோல்டரைவிட இது அந்தந்த வண்டிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது; ஒவ்வொரு மாடலுக்கும் ஒன்று செய்து ஆணியில் மாட்டி வைப்பது காசுக்கு ஏற்ற வேலை.

ஹோல்டர் இல்லாதவர்கள் கியரைப் போட்டுப் பின் பிரேக்கை மிதித்து நட்டைத் திறப்பார்கள். அவசரத்துக்கு அது சரி. பிரைமரி கியரின் பற்களுக்கிடையே செப்பு அல்லது பித்தளைத் துண்டை மடித்து வைத்துச் சுற்றாமல் தடுப்பவர்களும் உண்டு. திருப்புளியைப் பற்களுக்குள் செருகுவதும், நட்டின் மேல் உளி வைத்துச் சுத்தியலால் அடிப்பதும் அறவே விலக்க வேண்டியவை. உளி பட்ட நட்டையாவது மாற்றலாம். அதிர்ச்சியில் பல் விட்ட ஹப்புக்கும் வளைந்த ஷாஃப்டுக்கும், தயாரிப்பு நின்றுபோன வண்டியில், மாற்று தேடி அலைய வேண்டும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைப்பதும் பெரும்பாலும் இன்னொரு வண்டியில் ஓடித் தேய்ந்ததே.

யமஹாவில் நடு நட்டுக்கு அடியில் மடித்துவிட்ட லாக் வாஷர் இருக்கும். மடிப்பைத் தட்டையான உளியால் மெதுவாக நிமிர்த்திய பிறகே சாக்கெட்டைப் போட வேண்டும். அந்த வாஷரை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஸ்பிளெண்டர் வகையில் நட்டு அறுகோணமாக இல்லாமல், வட்டமாக நான்கு வெட்டுகளுடன் இருக்கும். அதற்கு நான்கு பல் கொண்ட தனிச் சாக்கெட் வேண்டும். விலை மலிவு, எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

புல்லட்

வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் கிளட்ச் இடப் பக்கம் உள்ளது. இன்ஜினிலிருந்து கிளட்சுக்கு விசை கியர் வழியாகப் போவதில்லை, பிரைமரி செயின் வழியாகப் போகிறது. வெளி மூடியை நடுவில் உள்ள ஒற்றை நட்டே பிடித்திருக்கிறது, சுற்றிலும் ரப்பர் வளையம். ஃபுட் ரெஸ்ட்டும் பிரேக் பெடலும் இடப் பக்கமே இருப்பதால் அவற்றை முதலில் விலக்க வேண்டும்.

இந்த செயினுக்கு இணைப்புக் கண்ணி கிடையாது. ஆகவே கிளட்ச் டிரம்மைத் தனியாக எடுக்க முடியாது. இன்ஜின் ஸ்பிராக்கெட், செயின், டிரம் மூன்றையும் ஒன்றாகவே இழுக்க வேண்டும். ஸ்பிராக்கெட்டின் முன்னால் ஆல்டர்நேட்டர் இருந்தால் அதுவும் முதலில் வெளியே வர வேண்டும். பெரிய வளைய லாக்கை எடுக்கக் கூர்மையான முனையுள்ள சர்க்ளிப் குறடு, ஹப்பை ஷாஃப்டிலிருந்து பிரிக்க அதன் மரையில் ஏறி இழுக்கும் புல்லர் ஆகிய இரண்டும் இங்கே இன்றியமையாதவை. ஆல்டர்நேட்டரைத் திருப்பிப் பொருத்தும்போது ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். உரசினால் இரண்டுமே வீணாகும். பழைய புல்லட்டுகளில் பிரிட்டிஷ் அளவு நட்டுகளும் மெட்ரிக் நட்டுகளும் கலந்திருக்கும். கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் நட்டின் மூலை மழுங்கும். விட்வொர்த் என்னும் பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர்கள் சிலவற்றைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி வண்டிகளும் இடப் பக்கச் செயின் அமைப்பைக் கொண்டவையே. அவற்றின் கிராங்க் ஸ்பிராக்கெட்டுக்கும் புல்லர் வேண்டும். டிவிஎஸ் 50 போன்ற மொபெட்டுகளில் கிளட்ச் லிவரே இல்லை. வேகத்தில் விரியும் ஷூக்களால் இயங்கும் அவற்றின் கிளட்ச் தனி வகை.

அளப்பதும் இறுக்குவதும்

வெர்னியர் காலிப்பர் இல்லாமல் கிளட்ச் வேலை பாதிதான். ஃபைபர் பிளேட்டின் கனத்தையும், ஸ்பிரிங்கின் தளர்ந்த நீளத்தையும் அளந்து அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள வரம்போடு ஒப்பிட வேண்டும். இரும்புப் பிளேட்டைக் கண்ணாடித் தகட்டின் மேல் படுக்க வைத்து, ஃபீலர் கேஜ் இதழைச் சுற்றிலும் செருகிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். நீலம் பாய்ந்த பிளேட் சூடேறி வெந்தது என்று பொருள். புதிய ஃபைபர் பிளேட்டுகளைப் பொருத்துமுன் ஆயிலில் ஊற வைக்க வேண்டும்.

இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்டுகளுக்குச் சுமார் 1 கிலோகிராம்-மீட்டர் முறுக்குவிசைக்கு மேல் தேவையில்லை. கைப்பலத்தால் முறுக்கினால் ஹப்பில் அவை ஏறும் தூண் முறியும் அல்லது மரை போகும். காற்றழுத்தத்தால் இயங்கும் இம்பாக்ட் ரெஞ்சால் நட்டைத் திறக்கலாம். இறுக்குவதற்கு அதைப் பயன்படுத்துவது தவறு.

பட்டாசு ஊர்களில்

பட்டாசு ஆலைகள் 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்கு உட்பட்டவை. மருந்து கையாளும் அறைகளில் பொறி பறக்கும் இரும்புக் கருவிகளுக்கு இடமில்லை. மரம், செம்பு, பித்தளை போன்ற மென்மையான பொருள்களால் ஆனவையே ஏற்கப்படுகின்றன. கிளட்ச் வேலையிலோ பொறி பல இடங்களில் பிறக்கிறது. இம்பாக்ட் டிரைவரில் சுத்தியல் படும்போதும், தலை தேய்ந்த ஸ்க்ரூவை அறுக்கும்போதும், ஹோல்டருக்கு வெல்ட் வைக்கும்போதும் அது நேரும். மூடியைக் கழுவப் பெட்ரோலும் பக்கத்தில் இருக்கும்.

ஆகவே நாரணாபுரம் பக்கத்தில் வண்டி கோளாறானால், ஆலை வளாகத்துக்குள்ளோ, மருந்தோ திரியோ வைத்திருக்கும் வீட்டின் வாசலிலோ அதைப் பிரிக்கக் கூடாது. வேலை முடிந்து வரும் தொழிலாளி குளித்து உடை மாற்றிய பிறகே வண்டியில் கை வைக்க வேண்டும். அலுமினியப் பொடியும் கந்தகமும் துணியில் ஒட்டியிருக்கும். வெல்டிங், கிரைண்டர் வேலை இருந்தால் வண்டியை ஊருக்குள் உள்ள பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.